மூளை தானத்துக்குத் தமிழகத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 2ஆம் நாள், உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டி, அறிகுறிகளை முன்கூட்டியே கண்டறிவது பற்றியும் பயிற்சி மையங்கள் பற்றியும் தங்கள் நாளிதழ் எழுதி வருகிறது. உடல் உறுப்பு தான நாள் வரும்போது சிறுநீரகம், கல்லீரல், இதயம், கண் ஆகியவற்றைப் பற்றி எழுதுகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடும் ஓர் இடம் உண்டு. அதைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் நான் படித்ததாக நினைவில்லை. ஆட்டிசம் உள்ள ஒருவரோ, அவரைப் பெற்றவர்களோ, ஆட்டிசத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரோ இறந்த பிறகு, அவருடைய மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியும். அப்படிக் கொடுக்க விரும்பும் குடும்பம் தமிழகத்தில் யாரிடம் கேட்பது, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வது, யார் வந்து எடுப்பார்கள் என்பதற்கெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஒழுங்கான ஏற்பாடு வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞனின் தாய். அரசு மருத்துவமனை ஒன்றின் நோய்க்கூறியல் ஆய்வகத்தில் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மூளைத் திசுவைக் கையால் தொட்டு வேலை செய்த பழக்கமும், பேச்சு அதிகம் வராத மகனை வளர்த்த அனுபவமும் சேர்ந்தே என்னை இந்தப் பக்கம் தள்ளின.

இன்றைக்கும் ஆட்டிசத்தை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது. குழந்தையின் நடத்தையைக் கவனித்தே மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையின் அளவும் வடிவமும் தெரியும். எந்தப் பகுதி எப்போது சுறுசுறுப்பாக இயங்குகிறது என்பதும் ஓரளவு தெரியும். ஆனால் தனித்தனி நரம்பு அணுக்களை அது காட்டாது. அணுவுக்கும் அணுவுக்கும் இடையே உள்ள இணைப்புகள் எத்தனை, மூளையின் வெளிப்படலமான புறணியின் அடுக்குகள் வரிசை தப்பாமல் இருக்கின்றனவா, எந்த மரபணு எந்த அணுவில் வேலை செய்கிறது என்பவற்றையெல்லாம் நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும், அதற்குத் திசு வேண்டும். சிறுநீரகத்திலிருந்தோ கல்லீரலிலிருந்தோ ஊசியால் சிறு துணுக்கு எடுப்பதைப்போல, உயிருடன் இருக்கும் குழந்தையின் மூளையிலிருந்து ஆராய்ச்சிக்காக எடுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார், துணியவும் கூடாது. எலியை வைத்துப் பல சோதனைகள் செய்கிறார்கள், அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு வராமல் தவிக்கும் ஒரு பிள்ளையின் நிலையை எலியில் எப்படி முழுமையாகப் பார்க்க முடியும்? ஆகவே, இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து கொடுக்கும் மூளையை விட்டால் இந்த ஆராய்ச்சிக்கு வேறு வழியில்லை.

அப்படிக் கொடுக்கப்பட்டவை எவ்வளவு குறைவு என்பதை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1985இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்கரெட் பௌமன், தாமஸ் கெம்பர் என்ற இரு மருத்துவர்கள், ஆட்டிசத்தோடு வாழ்ந்து 29 வயதில் இறந்த ஒருவரின் மூளையை இடைவெளி விடாமல் மெல்லிய சீவல்களாக வெட்டி, ஏறத்தாழ அதே வயதுடைய இன்னொருவரின் மூளையோடு ஒப்பிட்டார்கள். நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளில் அணுக்கள் சிறியவையாகவும் நெருக்கமாகவும் இருந்ததையும், சிறுமூளையில் பர்கின்ஜி எனப்படும் பெரிய நரம்பு அணுக்கள் குறைந்திருந்ததையும் கண்டார்கள். ஆட்டிசத்துக்கு அன்பில்லாத தாயே காரணம் என்ற கொடுமையான கருத்து அதற்கு முந்தைய காலத்தில் மருத்துவ உலகிலேயே உலவியது. எந்தத் தவறும் செய்யாத எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது பொய் என்பதற்கான சான்றுகளில் இறந்துபோன அந்த இளைஞரின் மூளையும் ஒன்று என்பதை, ஒரு தாயாக, நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து வந்த ஆய்வுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் சுல்சர் குழுவினர் நரம்பு இணைப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். பிறந்த குழந்தையின் மூளையில் தேவைக்கு மேல் இணைப்புகள் உருவாகி, வளர வளர வேண்டாதவை களையப்படுவது இயல்பு. ஆட்டிசம் இல்லாதவர்களில், குழந்தைப் பருவம் முடிவதற்குள் இணைப்பு முனைகளின் அடர்த்தி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் 16 விழுக்காடு மட்டுமே குறைந்திருந்தது. சாதாரணச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்காரும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தி ஏன் முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆய்வு 2 வயது முதல் 20 வயது வரை இறந்த, ஆட்டிசம் உள்ள 26 பேரின் மூளைகளையும், ஆட்டிசம் இல்லாத 22 பேரின் மூளைகளையும் கொண்டு நடந்தது. அதே ஆண்டில், சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினரும் ஆலன் ஆய்வு நிறுவனத்தினரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மூளைப் புறணியின் அடுக்குகள் ஆங்காங்கே திட்டுத் திட்டாகக் குலைந்திருப்பது தெரியவந்தது. ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளில் 10 பேரிடமும், ஒப்பீட்டுக்கு எடுத்த 11 குழந்தைகளில் ஒருவரிடமும் அது காணப்பட்டது. புறணியின் அடுக்குகள் கருவிலேயே உருவாகின்றன என்பதால், மாற்றம் பிறப்பதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். உலகமே பேசிய ஓர் ஆய்வுக்கு ஆதாரம் 22 குழந்தைகள்! ஆட்டிசம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது ஒரு பயிற்சி மையத்தின் வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும். அத்தனை வேறுபாட்டையும் இருபது, முப்பது மூளைகளை வைத்துக்கொண்டு எப்படிப் புரிந்துகொள்வது?

இந்தப் பற்றாக்குறையின் நடுவே ஒரு பெரிய இழப்பும் நேர்ந்தது. பாஸ்டனுக்கு அருகில் பெல்மான்டில் உள்ள மக்லீன் மருத்துவமனையில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்த மூளை வங்கி, அதாவது கொடையாக வந்த மூளைகளை ஆராய்ச்சிக்காகச் சேமிக்கும் இடம், செயல்படுகிறது. 2012ஆம் ஆண்டு மே மாத இறுதியில், அங்கிருந்த உறைபெட்டிகளில் ஒன்றைத் திறந்த ஊழியர், உள்ளே எல்லாம் உருகிப் போயிருந்ததைக் கண்டார். வெளியே இருந்த வெப்பமானி மைனஸ் 79 டிகிரி செல்சியஸ் என்றே காட்டிக்கொண்டிருந்தது; உள்ளே 7 டிகிரி. எச்சரிக்கை மணிகள் இரண்டு இருந்தன, இரண்டும் ஒலிக்கவில்லை. அந்தப் பெட்டியில் இருந்த ஏறத்தாழ 150 மூளைகளில் 54 ஆட்டிசம் ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கப்பட்டவை. உலகிலேயே மிகப் பெரியதாக இருந்த அந்தத் தொகுப்பில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவற்றில் பலவற்றின் மறுபாதி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் தனியாகப் பதப்படுத்தப்பட்டிருந்ததால் எல்லாமே வீணாகிவிடவில்லை. ஆனாலும் உறைந்த நிலையில் மட்டுமே செய்யக்கூடிய பல சோதனைகளுக்கு அவை பயன்படாமல் போயின. ஆய்வகத்தில் குளிர்பெட்டியின் வெப்பநிலையை நாள்தோறும் பதிவேட்டில் குறித்த என்னைப் போன்றவர்களுக்கு, இதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொன்றும், பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ இழந்த வேளையில், அழுகையின் நடுவே ஒருவர் தொலைபேசியில் சம்மதம் சொல்லிக் கொடுத்தது அல்லவா?

அங்கே அதிலிருந்து பாடம் கற்றார்கள். 2014இல் சைமன்ஸ் அறக்கட்டளையின் உதவியோடு ஆட்டிசம் பிரெயின்நெட் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. கலிபோர்னியாவின் நரம்பியல் அறிஞர் டேவிட் அமரல் அதற்குத் தலைமை ஏற்றார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காமல் பல நகரங்களில் மையங்கள் அமைத்து, ஒரே முறைப்படி பதப்படுத்தி, தகுதியுள்ள ஆய்வாளர்களுக்குத் திசுவைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். குடும்பத்தாரோடு பேசுவதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். எடுப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும் ஆகும் செலவு குடும்பத்தின் மேல் விழுவதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆட்டிசம் இல்லாதவர்களின் மூளையையும் அவர்கள் அதே அக்கறையோடு கேட்டு வாங்குவதுதான்.

இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நின்று படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒப்பிடுவதற்கு மற்றொன்று இல்லாவிட்டால், ஆட்டிசம் உள்ள ஒருவரின் மூளையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எது ஆட்டிசத்தால் வந்தது, எது வயதால் வந்தது, எது இறக்கும் முன் இருந்த காய்ச்சலால் வந்தது என்று பிரித்தறிய, அதே வயதில், அதே பாலினத்தில், ஆட்டிசம் இல்லாமல் வாழ்ந்து இறந்தவரின் மூளை அருகில் வேண்டும். 2018இல் கலிபோர்னியாவில், உணர்ச்சிக்கு உரிய அமிக்டலா என்ற மூளைப் பகுதியை ஆராய்ந்தவர்கள், 2 வயது முதல் 48 வயது வரையிலான 52 மூளைகளைப் பார்த்தார்கள். அவற்றில் 24 ஆட்டிசம் இல்லாதவர்களுடையவை. இயல்பான வளர்ச்சியில் வயது ஏற ஏற அங்கே முதிர்ந்த அணுக்கள் கூடுகின்றன. ஆட்டிசம் உள்ளவர்களிடம் குழந்தைப் பருவத்தில் அதிகமாக இருந்து, வளர்ந்த பிறகு குறைகின்றன. ஒரே வயதினரை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. ஆகவே எழுபது வயதுத் தாத்தாவின் மூளையும், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அக்காவுடைய மூளையும் பயனற்றவை அல்ல. பெண்களுடையது இன்னும் அரிதாகக் கிடைக்கிறது. ஆட்டிசம் பெண்களிடம் குறைவாகவே கண்டறியப்படுவதும் அதற்குக் காரணம்.

இந்தியாவில் இதற்கு வழியே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பெங்களூருவில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய நிறுவனமான நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 1995இல் மூளை வங்கி தொடங்கப்பட்டது. நரம்பு நோய்க்கூறியல் அறிஞர் எஸ்.கே. சங்கர் அதை உருவாக்கினார். பார்கின்சன், மறதி நோய், வலிப்பு, மூளைத் தொற்றுகள் எனப் பலவற்றுக்கான திசுக்கள் அங்கே சேமிக்கப்பட்டு, நாடெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு வழங்கப்படுகின்றன. விபத்தில் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையின்போது, உறவினர்களின் ஒப்புதலோடு பெறப்பட்ட மூளைகள் அதற்குப் பெரும் துணையாக இருந்திருக்கின்றன. அங்குள்ள மூளை அருங்காட்சியகத்தில், பதப்படுத்திய உண்மையான மனித மூளையைப் பொதுமக்களும் மாணவர்களும் கையில் ஏந்திப் பார்க்க முடியும். பயமும் அருவருப்பும் நீங்குவதற்கு அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. நம் சென்னையிலேயே, ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவில் வளரும் மூளையை 5,132 சீவல்களாகப் படம்பிடித்து, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாக வெளியிட்டது. ஆட்டிசத்தின் தொடக்கம் கருவிலேயே இருக்கலாம் என்று முன்னே சொன்னேன். இயல்பாக வளரும் மூளையின் அப்படிப்பட்ட வரைபடம் அந்தக் கேள்விக்கு அடித்தளம். அறிவும் கருவியும் நம்மிடமே இருக்கின்றன. திருநெல்வேலியிலோ நாகப்பட்டினத்திலோ இரவு பதினொரு மணிக்கு ஒருவர் இறந்தால், குடும்பத்தினர் அழைக்க ஓர் எண்தான் இல்லை.

நேரம் ஏன் முக்கியம் என்பதை நான் பார்த்த வேலையை வைத்தே சொல்கிறேன். மூளையை இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. தாமதம் ஆக ஆக அணுக்களுக்குள் உள்ள நுண்ணிய மூலக்கூறுகள் சிதைந்துவிடும். புதிதாக எடுத்த மூளை கெட்டித் தயிர்போலக் குழையும். அதை அப்படியே ஒரு பாத்திரத்தின் அடியில் வைத்தால் தன் எடையாலேயே தட்டையாகிவிடும். அதனால் மூளையின் அடிப்பக்கம் ஓடும் இரத்தக் குழாயின் கீழ் ஒரு நூலைக் கோத்து, அந்த நூலின் இரு முனைகளையும் வாளியின் விளிம்பில் கட்டி, ஃபார்மலினுக்குள் தலைகீழாக மிதக்கவிடுவோம். சில வாரங்களில் அது கெட்டிப்பட்டு, வெட்டினால் மடிப்பு குலையாத நிலைக்கு வரும். மூளை வங்கியில் பொதுவாக ஒரு பாதியை இப்படிப் பதப்படுத்தி, மறுபாதியைத் துண்டுகளாக்கி மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்கிறார்கள். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர்கள் அந்த நூலைக் கட்டும்போது பேச்சைக்கூடக் குறைத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த மரியாதை அல்ல அது.

முகம் சிதைந்துவிடுமோ என்பதுதான் எல்லாக் குடும்பங்களின் முதல் அச்சமாக இருக்கும். என் நாத்தனாரும் அதைத்தான் கேட்டார். சிதையாது. தலையின் பின்பக்கம், ஒரு காதுக்குப் பின்னிருந்து மறு காதுக்குப் பின்வரை தோலைக் கீறி, மண்டையோட்டைத் திறந்து, எடுத்த பிறகு பழையபடி மூடித் தைத்துவிடுகிறார்கள். தலையணையில் கிடத்தினால் தையல் தெரியாது. நெற்றியில் திருநீறும் குங்குமமும் வைத்து, மாலை சாத்தி, உறவினர்கள் வந்து பார்த்து, அவரவர் முறைப்படி எரிக்கவோ புதைக்கவோ எந்தத் தடையும் இல்லை. வெளியூரிலிருந்து மகனோ மகளோ வரும்வரை உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்துக்குள் இந்த வேலை முடிந்துவிடும். உறுப்பு குறைந்த உடலை எரித்தால் அடுத்த பிறவியில் ஊனம் வரும் என்று பெரியவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். கண் தானத்துக்கும் முதலில் இதையே சொன்னார்கள். இன்று ஊருக்கு ஊர் கண்களைக் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

இன்னொரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். நம் மாநிலத்தில் உறுப்பு தானம் என்றவுடன் மூளைச்சாவுதான் நினைவுக்கு வருகிறது. 2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழகமே கண்கலங்கியது. அந்த இயக்கம் வளர்ந்து இந்தியாவுக்கே வழிகாட்டியாக ஆனது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் அறிவித்தார். மூளை தானம் அதிலிருந்து வேறுபட்டது. மூளைச்சாவு அடைந்து செயற்கை சுவாசத்தில் நாள்கணக்கில் இருந்தவரின் மூளை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு ஏற்றதாக இருப்பதில்லை. வீட்டிலோ மருத்துவமனையிலோ இயற்கையாக இறந்தவருடையதும், விபத்தில் உடனே இறந்தவருடையதும் ஏற்றவை. அதனால் உறுப்பு தானத்துக்கு வாய்ப்பே இல்லாத மரணங்களிலும் இதற்கு வாய்ப்பு உண்டு. சட்டமும் வேறு: 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நோயாளிக்குப் பொருத்தும் சிகிச்சைக்காக எழுதப்பட்டது, ஆராய்ச்சிக்கான கொடையை ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம் அல்ல. தமிழக அரசு தெளிவான ஓர் ஆணை வெளியிட்டால், மருத்துவமனைகளும் காவல்துறையும் தயங்காமல் ஒத்துழைக்கும்.

ஒப்புதல் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு உரிமையில்லை. என் மகனுக்குத் தலையை யாரும் தொடக்கூடாது. முடி வெட்டும் நாள் எங்கள் வீட்டில் மிகக் கடினமான நாள். கடைக்காரர் வீட்டுக்கே வந்து, இயந்திரத்தின் சத்தம் இல்லாமல், கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிட்டுப் போவார். அப்படிப்பட்டவன் எனக்கு முன்னே போய்விட்டால், அவன் தலையைத் திறக்க நான் சம்மதிக்கலாமா? பதினெட்டு வயதைக் கடந்த ஆட்டிசம் உள்ளவர்களுக்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கிறது. வங்கிக் கணக்குக்கும் சிகிச்சைக்கும் அந்தச் சான்றிதழ் போதும். இறந்த பிறகு அவன் உடல் பற்றி அவன் என்ன நினைத்திருப்பான் என்பதற்கு எந்தச் சான்றிதழும் பதில் சொல்லாது. அவனுக்குப் புரியும் விதமாகப் படம் காட்டிப் பேச முயன்று வருகிறேன். அவன் பொருட்டு நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. அந்தத் தயக்கத்தை யாரும் அவசரப்படுத்தவும் கூடாது.

பேசவும் எழுதவும் கூடிய ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், இந்த ஆராய்ச்சியெல்லாம் தங்களைப் போன்றவர்கள் பிறக்காமல் தடுப்பதற்கோ என்று வெளிப்படையாகக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் விருப்பம் என் மகன் இல்லாத உலகம் அல்ல. அவனுக்கு வலிப்பு வருகிறது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம், வளரிளம் பருவத்தில் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. அவர்கள் இளம் வயதில் இறப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று இன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துத்தான் பார்க்கிறார்கள். தூக்கம் வராத இரவுகளுக்கும், தலையைச் சுவரில் மோதிக்கொள்வதற்கும் காரணம் தெரிய வேண்டும். திசு எதற்குப் பயன்படுகிறது என்பதை முடிவு செய்யும் நெறிமுறைக் குழுவில் ஆட்டிசம் உள்ள ஒருவரும், பெற்றோர் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கினால், அந்த அச்சத்துக்கு ஓரளவாவது பதில் கிடைக்கும்.

என்னைப் பொறுத்தவரை தயக்கம் இல்லை. என் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க விரும்புகிறேன் என்று எழுதிவைத்திருக்கிறேன், கணவரிடமும் மூத்த மகளிடமும் அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். எழுதிவைத்தது மட்டும் போதாது. இறந்த பிறகு அடுத்த உறவினர் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். ஆகவே வீட்டில் பேசிவைப்பது கையெழுத்தைவிட முக்கியம். பெற்றோராகிய நாம் நம் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன், நம்முடையதைக் கொடுப்பதாகச் சொல்லலாமே. ஒப்பீட்டுக்கு அதுவும் தேவை என்று மேலே எழுதினேன். அதைச் சொல்ல யாருடைய மனத்தையும் ஊகிக்க வேண்டியதில்லை.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிப்பதல்ல. உறுப்பு மாற்று ஆணையத்தின் உதவி எண்ணிலேயே மூளை தானத்துக்கும் பதில் சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவரை இரவும் பகலும் வைக்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிறுவனத்தையும், மதுரை, கோவை, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிகளையும், மூளையை எடுத்து முதற்கட்டமாகப் பதப்படுத்தும் இடங்களாக அறிவித்து, பின்னர் நிம்ஹான்ஸுக்கு அனுப்பலாம். உடலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எடுத்துச் செல்லும்படி எந்தக் குடும்பத்திடமும் கேட்கக்கூடாது, ஒரு ரூபாய்கூட அவர்களிடம் வாங்கவும் கூடாது. உறைபெட்டி வாங்கும்போதே, அந்தக் கட்டடத்தோடு தொடர்பில்லாத தனி எச்சரிக்கை இணைப்பையும் சேர்த்து வாங்க வேண்டும், ஒருவருடைய இரு பாதிகளையும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. மருத்துவக் கல்லூரிக்கு முழு உடலையும் கொடுக்க ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு, இரண்டும் ஒருசேர முடியுமா என்பதைப் படிவத்திலேயே தெளிவுபடுத்த வேண்டும். அரசு மரியாதை கேட்கவில்லை. பெறப்பட்டது, பாதுகாப்பாக இருக்கிறது, இன்ன ஆய்வுக்குப் பயன்பட்டது என்று குடும்பத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும்.

தங்கள் நாளிதழிடம் கேட்பதும் ஒன்று உண்டு. நிம்ஹான்ஸ் மூளை வங்கியினரிடமும் தமிழக மருத்துவக் கல்வி இயக்குநரகத்திடமும் தங்கள் நிருபர் நேரில் பேசி, தமிழகத்தில் இருந்து இன்றைய நிலையில் மூளை தானம் செய்ய விரும்புவோர் என்ன செய்ய வேண்டும் என்பதை, தொலைபேசி எண்ணோடும் படிவத்தின் மாதிரியோடும் வரும் ஏப்ரல் 2ஆம் நாளுக்கு முன்பாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ள இளைஞனின் தாய்,
திருச்சிராப்பள்ளி.